சூப்பர் ஹீரோ படம்: இப்போதே காட்டலாமா, கொஞ்சம் பொறுக்கலாமா?

அக்கா மகனுக்கு அப்போது ஐந்து வயது. பனியன், செருப்பு, தண்ணீர் பாட்டில், படுக்கை விரிப்பு எல்லாவற்றிலும் சூப்பர் ஹீரோக்கள். சரி, இவ்வளவு பிடித்திருக்கிறதே என்று ஒரு விடுமுறை நாளில் 2012-இல் வந்த 'தி அவெஞ்சர்ஸ்' படத்தை டிவியில் போட்டேன். அடிதடிக்குப் பயப்படுவான் என்று எதிர்பார்த்து பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். தோரும் அயர்ன் மேனும் காட்டுக்குள் மோதிக்கொண்டபோது கைதட்டினான். அப்புறம் அந்தப் பறக்கும் கப்பலுக்குள் புரூஸ் பேனர் என்ற விஞ்ஞானி ஹல்க் என்ற பச்சை ராட்சதனாக மாறும் இடம் வந்தது. சட்டை கிழிகிறது, உடம்பு வீங்குகிறது, சற்று முன் சாதுவாகப் பேசிக்கொண்டிருந்தவர் கூட்டாளி நடாஷாவைத் துரத்துகிறார். பையன் சோஃபாவிலிருந்து இறங்கி அதன் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டான். அழவில்லை. அங்கிருந்தபடியே கேட்டான்: "சித்தி, அந்த மாமா எங்க போனாரு?"

பச்சையாக நிற்பதும் பேனர்தான் என்று எனக்குத் தெரியும். அவனைப் பொறுத்தவரை ஒரு நல்ல மனிதர் காணாமல் போய்விட்டார், அவர் இருந்த இடத்தில் வேறு எதுவோ நிற்கிறது. 1980-களில் கிளென் ஸ்பார்க்ஸ், ஜோவான் கேன்டர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் இதே ஹல்க்கை வைத்தே இதைச் சோதித்திருக்கிறார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஹல்க் தொலைக்காட்சித் தொடரின் ஒரு பகுதியைப் பல வயதுப் பிள்ளைகளுக்குக் காட்டினார்கள். பள்ளி வயதுக்கு முந்தைய குழந்தைகள் அதிகம் பயந்தது, சாதாரண மனிதர் ஹல்க்காக மாறிய பிறகுதான். கதைப்படி ஹல்க் வந்ததே ஆபத்தில் இருப்பவரைக் காப்பாற்றத்தான். பெரிய பிள்ளைகளுக்கு அது புரிந்தது, அதனால் பயமும் குறைந்தது. சின்னவர்களுக்குக் கண்ணில் பட்ட உருவம்தான் எல்லாம்.

அன்றோடு என் கணக்கு மாறிவிட்டது. ஒரு படம் பிள்ளைக்கு ஆகுமா ஆகாதா என்று பார்க்க நம்மிடம் சில வழிகள் இருக்கின்றன. சென்சார் சான்றிதழைப் பார்க்கலாம். டிரெய்லரைப் பார்க்கலாம். இணையத்தில் பெற்றோருக்கென்று எழுதப்பட்ட குறிப்புகளைப் படிக்கலாம். நாமே முன்கூட்டிப் பார்த்துவிடலாம். வீட்டில் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கலாம். இல்லாவிட்டால் தள்ளிப் போடலாம். இத்தனையையும் செய்து பார்த்ததில், எதை எவ்வளவு நம்பலாம் என்று எனக்கு ஒரு முடிவு இருக்கிறது.

சான்றிதழ் எதுவரைக்கும் உதவும்

கடைசி எல்லையில் சான்றிதழ் நன்றாகவே வேலை செய்கிறது. 'டெட்பூல்' (2016), 'லோகன்' (2017), 'ஜோக்கர்' (2019) மூன்றும் அமெரிக்காவில் ஆர் சான்றிதழ், அதாவது 17 வயதுக்குக் கீழே பெரியவர் துணையில்லாமல் பார்க்க முடியாத சான்றிதழ், வாங்கிய படங்கள். போஸ்டரில் இருக்கும் சிவப்பு உடையைப் பார்த்துப் பிள்ளை எவ்வளவு கெஞ்சினாலும் அங்கே யோசிப்பதற்கே ஒன்றுமில்லை.

தலைவலி நடுவில் இருக்கும் வகையில்தான். அந்த வகை பிறந்ததே ஒரு தகராறில். 1984-இல் இண்டியானா ஜோன்ஸ் வரிசையின் இரண்டாவது படமும் 'கிரெம்லின்ஸ்' படமும் பிஜி, அதாவது பெற்றோர் வழிகாட்டுதலோடு பிள்ளைகள் பார்க்கலாம் என்ற சான்றிதழோடு வெளிவந்தன. பிள்ளைகளோடு போன பெற்றோர் கொதித்துப் போனார்கள். இண்டியானா ஜோன்ஸ் படத்தை இயக்கியவரும் 'கிரெம்லின்ஸ்' தயாரிப்பில் இருந்தவருமான ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கே, இடையில் ஒரு படி வேண்டும் என்று சொன்னார். அந்த வருடமே, 13 வயதுக்குக் கீழே இருந்தால் பெற்றோர் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும் என்ற பிஜி-13 வந்தது. பிரிட்டனில் இதே மாதிரி ஒரு சர்ச்சையைக் கிளப்பியவர் ஒரு சூப்பர் ஹீரோ. 2002-இல் 'ஸ்பைடர் மேன்' படத்துக்கு அங்கே 12 சான்றிதழ் கொடுத்தார்கள். அதாவது 12 வயதுக்குக் கீழே இருந்தால் தியேட்டருக்குள் விட மாட்டார்கள். உடை, பொம்மை எல்லாம் வாங்கி வைத்திருந்த பிள்ளைகள் வெளியே நிற்க வேண்டிய நிலை. சில உள்ளாட்சி மன்றங்கள் தங்கள் எல்லைக்குள் இதைத் தளர்த்தின. அதே வருடம் ஆகஸ்டில், பெரியவர் கூட வந்தால் 12-க்குக் கீழும் பார்க்கலாம் என்ற 12ஏ நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவில் ரொம்ப காலம் ஒரே பெட்டியாக இருந்த யுஏ, 2024-இன் புதிய விதிகளால் யுஏ 7+, யுஏ 13+, யுஏ 16+ என்று மூன்றாகப் பிரிந்தது.

கவனித்தால் இவை எல்லாமே சுற்றி வளைத்துச் சொல்வது ஒன்றைத்தான்: முடிவு உங்களுடையது. பிஜி-13 என்றாலோ யுஏ என்றாலோ யாரும் வாசலில் பிள்ளையைத் தடுக்கப் போவதில்லை.

அதோடு, ஒரே முத்திரைக்குள் என்னென்ன அடங்குகிறது என்று பாருங்கள். 'தி அவெஞ்சர்ஸ்', 'தி டார்க் நைட்', 'அவெஞ்சர்ஸ்: இன்ஃபினிட்டி வார்' மூன்றும் பிஜி-13. முதலாவது, ஹல்க் மாறும் இடத்தையும் இன்னும் ஓரிரு இடங்களையும் தவிர்த்தால், கலகலப்பான படம். 2008-இல் வந்த 'தி டார்க் நைட்' வேறு ரகம். ரத்தம் ஏறக்குறைய இல்லை. ஆனால் வில்லன் ஜோக்கர் ஒருவனின் வாய்க்குள் கத்தியை வைத்துக்கொண்டு நிதானமாகக் கதை சொல்கிறான். முடிவில் ஹார்வி டென்ட், காவல் அதிகாரி கார்டனின் சின்ன மகன் தலையில் துப்பாக்கியை வைத்து நிற்க, அப்பா கெஞ்சுகிறார். பத்து வயதுப் பிள்ளை அந்தக் காட்சியில் பார்ப்பது தன்னை மாதிரி ஒரு பையனை. அப்பாவால் காப்பாற்ற முடியாமல் போகலாம் என்பதையும் அங்கேதான் பார்க்கிறது. ரத்தம் தெரிகிறதா, எத்தனை கெட்ட வார்த்தை என்று எண்ணும் கண்ணுக்கு இது அவ்வளவாக அகப்படாது.

'இன்ஃபினிட்டி வார்' விஷயத்தில் நானே ஏமாந்தேன். என் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. சண்டை எப்படி, ரத்தம் உண்டா என்று விசாரித்துவிட்டுத்தான் தியேட்டருக்குக் கூட்டிப்போனேன். 149 நிமிடமும் அசையாமல் பார்த்தாள். வில்லன் தானோஸ் விரலைச் சொடுக்குகிறான். ஒவ்வொருவராகத் தூசியாகிறார்கள். கடைசியில் ஸ்பைடர் மேன், அதாவது படத்திலேயே சின்னப் பையன், அயர்ன் மேனான டோனி ஸ்டார்க்கைக் கட்டிக்கொண்டபடியே கரைந்து போகிறான். அங்கே அவள் அழவில்லை. மூன்றாம் நாள் ராத்திரி, விளக்கை அணைத்த பிறகு கேட்டாள்: "அம்மா, அடுத்த பார்ட் எப்போ?"

"அடுத்த வருஷம்டா."

"அதுவரைக்கும் அவங்க எல்லாரும் செத்துதான் இருப்பாங்களா?"

என்னிடம் பதில் இல்லை. உண்மையிலேயே 2019 ஏப்ரலில் 'எண்ட்கேம்' வரும்வரை அவர்கள் செத்துத்தான் இருந்தார்கள். இன்றைக்கு இதை முதல்முறையாகக் காட்டுகிறவர்களுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. இரண்டையும் அடுத்தடுத்த நாளில் வைத்துக்கொள்ளலாம். வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன். பெரியவர்கள் தொங்கலில் விட்ட கதையை ரசிப்பார்கள். பிள்ளைகளோ அதைப் படுக்கைக்குக் கொண்டு போய்விடுகிறார்கள்.

கார்ட்டூன்தானே?

சான்றிதழுக்கு அடுத்து நாம் அதிகம் நம்புவது, வரைந்த படம் என்றால் குழந்தைகள் படம் என்ற எண்ணத்தை. பாதி சரி. வரைந்த முகம் என்பதாலேயே கொஞ்சம் தூரம் கிடைக்கிறது, அது நிஜம்தான். ஆனால் 2004-இல் வந்த 'தி இன்கிரெடிபிள்ஸ்' தொடங்கிய சில நிமிடங்களிலேயே ஒருவர் சாக வேண்டும் என்று கட்டடத்திலிருந்து குதிக்கிறார். காப்பாற்றிய ஹீரோ மேல் பிற்பாடு வழக்கும் போடுகிறார். பெரியவர்களுக்கு அது நகைச்சுவை. 'அவர் ஏன் குதிச்சார்?' என்று ஏழு வயதுப் பிள்ளை கேட்டால் என்ன சொல்வீர்கள் என்று முன்பே யோசித்து வைத்துக்கொள்வது நல்லது. இதே படத்தில் ஓர் அம்மா தன் பிள்ளைகளிடம், இவர்கள் நீங்கள் டிவியில் பார்க்கும் வில்லன்கள் மாதிரி இல்லை, வாய்ப்புக் கிடைத்தால் உங்களைக் கொன்றுவிடுவார்கள் என்று முகத்துக்கு நேராகச் சொல்கிறாள். எனக்கு ரொம்பப் பிடித்த காட்சி அது. ஐந்து வயதுக்கு வேண்டாம்.

'பிக் ஹீரோ 6' (2014) இன்னும் சுவாரசியமான கேஸ். பெரிய வெள்ளை பலூன் மாதிரி ஒரு ரோபோ, சிரிப்பு, 102 நிமிடம் மட்டுமே. ஆனால் கதையே அண்ணன் இறந்து போவதில்தான் கிளம்புகிறது. அண்ணன் தம்பி இருவர் சேர்ந்து பார்த்தால், தம்பியின் கை எங்கே போகிறது என்று கவனியுங்கள். இருந்தும், நான் முதலில் சிபாரிசு செய்யும் படங்களில் இது ஒன்று. காரணம், படம் அந்தத் துக்கத்தைத் தொட்டுவிட்டு ஓடிவிடவில்லை. தம்பி கோபப்படுகிறான், பழிவாங்கப் பார்க்கிறான், தடுக்கப்படுகிறான், கடைசியில் கொஞ்சம் ஆறுகிறான். பிள்ளை பயந்ததற்கும் அழுததற்கும் படத்துக்குள்ளேயே ஒரு பதில் கிடைத்துவிடுகிறது. 'ஸ்பைடர் மேன்: இன்டு தி ஸ்பைடர்-வெர்ஸ்' (2018) படத்திலும் சாவு உண்டு. நமக்குத் தெரிந்த ஸ்பைடர் மேனான பீட்டர் பார்க்கரே ஆரம்பத்தில் போய்விடுகிறார். கதாநாயகனான சிறுவன் மைல்ஸைத் துரத்தும் முகமூடி யாருடையது என்று தெரியும் இடம், மறுபடியும் அந்த 'மாமா எங்க போனாரு' கேள்விதான், இந்த முறை சொந்தச் சித்தப்பாவே. எட்டு வயதுக்கு மேல் தாராளமாகக் காட்டலாம்.

டிரெய்லர், குறிப்புகள், முன்னோட்டம்

டிரெய்லரை ஒரு வரியில் தள்ளிவிடலாம்: அது டிக்கெட் விற்பதற்கு. 2019-இல் வந்த 'ஷஸாம்!' படத்தின் விளம்பரமெல்லாம் பெரியவன் உடம்புக்குள் மாட்டிய சின்னப் பையனின் சேட்டைகள். படத்தில் ஒரு அலுவலகக் கூட்ட அறையில் பூதங்கள் புகுந்து, உள்ளே இருப்பவர்களைக் கொன்று தீர்க்கும் காட்சி இருக்கிறது.

பெற்றோருக்கான குறிப்புகள் பரவாயில்லை. காமன் சென்ஸ் மீடியா போன்ற தளங்கள் வயதைச் சொல்லி, காரணத்தையும் எழுதுகின்றன. ஐஎம்டிபி என்ற திரைப்படத் தகவல் தளத்தில் காட்சி காட்சியாகவே பட்டியல் போட்டிருப்பார்கள். படத்தில் என்னென்ன வரும் என்று தெரிந்துகொள்ள இதை விடச் சுருக்கு வழி கிடையாது. ஆனால் அவர்கள் கவலை எல்லாம் நம் கவலையாக இருக்க வேண்டியதில்லை. ஆங்கிலக் கெட்ட வார்த்தைகளை எண்ணி எண்ணி எழுதியிருப்பார்கள். தமிழ் டப்பிங்கில் பார்க்கும் பிள்ளைக்கு அவற்றில் பாதி வந்தே சேராது. இதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு, அதை எந்தக் குறிப்பும் சொல்வதில்லை. ஆங்கிலத்தில் ஓடும்போது வில்லன் என்ன மிரட்டுகிறான் என்று சின்னக் குழந்தைக்குப் புரியாது, குரல் மட்டும்தான் கேட்கும். தமிழில் ஓடும்போது ஒவ்வொரு வார்த்தையும் புரியும். அதே படம், டப்பிங்கில் ஒரு வயது கூடுதலாகக் கேட்கிறது என்பது என் அனுபவம்.

முன்கூட்டி முழுப் படத்தையும் பார்ப்பதுதான் உத்தமம். யாருக்கு நேரம்? அதனால் நான் முழுசாகப் பார்ப்பதில்லை. மூன்று இடங்களை மட்டும் தள்ளித் தள்ளிப் பார்க்கிறேன். வில்லன் முதன்முதலில் நுழையும் காட்சி, தெரிந்த முகம் ஏதாவது வேறாக மாறும் காட்சி, அப்புறம் கடைசி அரை மணி நேரம். சண்டைகளை விட்டுவிடுகிறேன், அவை பெரும்பாலும் ஒரே மாதிரிதான். இரண்டாவது இடம்தான் பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கிறது. 2022-இல் வந்த 'டாக்டர் ஸ்ட்ரேஞ்ச் இன் தி மல்டிவெர்ஸ் ஆஃப் மேட்னஸ்' படத்தை இப்படித்தான் தள்ளி வைத்தேன். இயக்கியவர் சாம் ரைமி, பேய்ப் படங்களில் பேர் வாங்கியவர். ஆனால் எனக்கு உறுத்தியது பேய் இல்லை. முந்தைய படங்களில் பிள்ளைகள் நேசித்த வாண்டா, தன் குழந்தைகளைத் தேடி அலையும் தாய், இதில் கொலைகாரியாகிறாள். முடிவில் அந்தக் குழந்தைகளே அவளைப் பார்த்து நடுங்குகிறார்கள். அம்மா முகமே பயமுறுத்தும் முகமாவதை விட ஒரு சின்னப் பிள்ளைக்கு என்ன வேண்டும்?

தியேட்டரா, வீடா

ஏழு வயதுக்குக் கீழே இருந்தால் என் ஓட்டு வீட்டுக்குத்தான். தியேட்டரின் இருட்டும் சத்தமும் ஒரு பக்கம். நிறுத்த முடியாது என்பது இன்னொரு பக்கம். 'எண்ட்கேம்' 181 நிமிடம். மூன்று மணி நேரம் அசையாமல் இரு என்பது பெரியவர்களுக்கே கஷ்டம். ஒளியையும் கவனிக்க வேண்டும். 2018-இல் 'இன்கிரெடிபிள்ஸ் 2' வெளியானபோது அதில் வரும் மின்னி மின்னி அணையும் வெளிச்சத்துக்காக, வலிப்பு வரக்கூடியவர்களுக்குத் தியேட்டர்களில் எச்சரிக்கைப் பலகை வைத்தார்கள். பிள்ளைக்கு அந்தத் தொந்தரவு இருந்தால் வேறு எதையும் ஒப்பிட வேண்டாம், முதலில் இதை விசாரியுங்கள்.

வீட்டில் விளக்கைப் போட்டுக்கொள்ளலாம், சத்தத்தைக் குறைக்கலாம், எழுந்து போகலாம். ஆனால் வீட்டில் இருக்கும் ஆபத்து நாம்தான். படத்தைப் போட்டுவிட்டுக் கைப்பேசியில் மூழ்கிவிடுவோம். 'சேர்ந்து பார்ப்பது' என்பது ஒரே அறையில் இருப்பது என்று ஆகிவிடும். நான் அன்று திரையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால், பையன் சோஃபாவுக்குப் பின்னால் போனதே தெரிந்திருக்காது.

பயந்த பிறகு என்ன செய்வது என்பதிலும் வயது வித்தியாசம் இருக்கிறது. கேன்டரின் ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வருவது இது: நான்கு ஐந்து வயதில் 'அது நிஜமில்லடா, நடிப்பு' என்று விளக்குவது பெரிதாக உதவாது. மடியில் உட்கார வைப்பது, பிடித்த பொம்மையைக் கையில் கொடுப்பது, திரையிலிருந்து கவனத்தைத் திருப்புவது உதவும். பெரிய பிள்ளைகளுக்குப் பேச்சு உதவும். நாம் பெரும்பாலும் சின்னவர்களுக்கு லெக்சர் கொடுக்கிறோம், பெரியவர்களைப் பார்த்து 'இதுக்கெல்லாம் பயப்படலாமா' என்று சிரிக்கிறோம்.

பயத்தை விட்டால்

பயப்படாத பிள்ளைக்கு வேறு கேள்வி. படம் முடிந்த கையோடு தம்பியின் முதுகில் ஒரு குத்து விழுகிறதே, அது. சாரா கோய்ன் என்ற ஆய்வாளரின் குழு 2017-இல் வெளியிட்ட ஆய்வில், பள்ளிக்கு முந்தைய வயதில் சூப்பர் ஹீரோக்களில் அதிகம் ஊறிய குழந்தைகளிடம் ஒரு வருடம் கழித்து முரட்டுத்தனம் கூடுதலாக இருந்தது. எளியவருக்காகக் குறுக்கே நிற்கும் குணம் அதற்கு ஈடாகக் கூடவில்லை. நல்லவன் ஏன் அடிக்கிறான் என்ற நியாயம் அந்த வயதில் ஏறுவதில்லை, அடி மட்டும் ஏறிவிடுகிறது என்று நான் புரிந்துகொள்கிறேன். அதே 2017-இல் வந்த இன்னோர் ஆய்வு மறுபக்கத்தைக் காட்டுகிறது. நான்கு, ஆறு வயதுக் குழந்தைகளுக்குச் சலிப்பான ஒரு வேலையைக் கொடுத்து, பக்கத்தில் விளையாட்டையும் வைத்தார்கள். தன்னை பேட்மேன் மாதிரி யாராவது ஒரு கதாபாத்திரமாக நினைத்துக்கொண்டு வேலை செய்த குழந்தைகள், மற்றவர்களை விட அதிக நேரம் தாக்குப்பிடித்தார்கள். அதற்கு பேட்மேனின் படத்தைப் பார்த்தே ஆக வேண்டும் என்றில்லை, ஒரு துண்டைத் தோளில் கட்டிவிட்டாலே போதும்.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது

ஆறு வயது வரை பொம்மை, உடை, நாம் வாயால் சொல்லும் கதை. இவற்றோடு நிறுத்திக்கொள்வேன். வகுப்பில் எல்லோரும் பார்த்துவிட்டார்கள் என்று வந்து நின்றால் கதையை நானே சொல்லிவிடுவேன், வில்லனை எவ்வளவு பெரிதாக்குவது என்பது அப்போது என் கையில். ஆறிலிருந்து எட்டு வரை வரைந்த படங்கள், வீட்டில், அந்த மூன்று இடங்களை நான் பார்த்த பிறகு. ஒன்பது, பத்தில் பழைய 'அவெஞ்சர்ஸ்' வகையறா. தியேட்டருக்கும் போகலாம், ஆனால் கதை எங்கே முடிகிறது என்று முதலில் தெரிந்துகொண்டு. 'தி டார்க் நைட்' பதின்மூன்றுக்கு முன் வேண்டாம், அது எவ்வளவு நல்ல படமாக இருந்தாலும். இந்த எண்களை ஒரு வருடம் இப்படியோ அப்படியோ நகர்த்திக்கொள்ளுங்கள். சமீபத்தில் வீட்டில் ஒரு சாவு நடந்திருந்தால் மட்டும், எந்த வயதானாலும், 'பிக் ஹீரோ 6' உட்பட எல்லாவற்றையும் தள்ளி வைப்பேன்.

வீட்டில் பார்க்கும்போது நான் கண்டுபிடித்த ஒரே உருப்படியான உத்தி, ரிமோட்டைப் பிள்ளை கையில் கொடுத்துவிடுவது. எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம், ஏன் என்று கேட்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு. அக்கா மகனுக்கு ஏழரை வயதானபோது அவனே அந்தப் படத்தை மறுபடியும் கேட்டான். பறக்கும் கப்பல் வந்ததும் பாதி மாறிய முகத்தில் நிறுத்தினான். எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய் நின்று, மூக்கு திரையில் படும் அளவுக்கு நெருங்கி, ரொம்ப நேரம் பார்த்தான். "கண்ணு அதே கண்ணுதான் சித்தி" என்றான். திரும்பி வந்து உட்கார்ந்து பட்டனை அழுத்தினான்.